பெயர் கொடுக்காமல் ஏறியவர்கள்

காலை 9.40. முதலில் கண்ணில் பட்டது பச்சை விளக்கு.

சுவரில் மாட்டிய சாம்பல் நிறப் பெட்டி, அதன் வலது மூலையில் மிளகு அளவுக்கு அந்த விளக்கு. மின்சாரம் இருக்கிறது, எல்லாம் சரி என்பதற்கு அடையாளம். பெட்டியின் திரை இருண்டிருந்தது. முன்னால் ஏழுமலை என்ற தொழிலாளி நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் ஒரு குச்சி, குச்சியின் நுனியில் கழிவுநீர்க் குழியிலிருந்து எடுத்த கறுப்புச் சகதி. பெட்டியிலிருந்து நீண்ட கம்பியின் முனையில் தொங்கிய சென்சாருக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் வேலூரில் ஒரு நாளிதழுக்குச் செய்தி எழுதினேன். நேரத்தையும் முதலில் பார்த்ததையும் குறித்து வைக்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. அந்த நாளின் நேரங்கள் எல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கின்றன.

போன வாரம் உங்களில் இரண்டு பேர் எனக்கு மடல் எழுதியிருந்தீர்கள். நம் கிளாக் பிரேம்வொர்க் நிரலில் ஒரு வரி இருக்கிறது. 'இந்தக் கிளையை யாரும் கேட்காவிட்டாலும் அணைக்காதே' என்று அதற்குப் பொருள். எதற்காக எழுதியது என்று குறிப்பு இல்லை, எழுதியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, புதிய சர்க்யூட் போர்டுகளுக்கு இது தேவையில்லை என்று நினைக்கிறோம், நீக்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முறையான கேள்வி. இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பப் பார்த்தேன். முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

உங்களில் சிலர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனவே கொஞ்சம் அடியிலிருந்து வருகிறேன்.

சிப்புக்குள் நாம் கிளாக் என்று சொல்வது மணி காட்டும் கடிகாரம் இல்லை. அது ஒரு துடிப்பு. திரை, சென்சார், சைரன், பிரிண்டர் என்று ஒவ்வொரு பகுதியும் அந்தத் துடிப்பு வந்தால்தான் ஓர் அடி எடுத்து வைக்கும். ஒரே மூலத்திலிருந்து துடிப்பு கிளை கிளையாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு கிளையிலும் திறக்கவும் மூடவும் ஒரு குழாய் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வேலை தொடங்கிய காலத்தில், அந்தந்தப் பகுதிக்கு நிரல் எழுதியவர் அவரவர் குழாயை அவரவர் இஷ்டத்துக்குத் திறந்தார். மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போர்டு சுடும், பாட்டரி தீரும். எல்லாக் குழாய்க்கும் ஒரே இடத்தில், ஒரே சட்டமாக ஒரு நிரல் எழுதுவது என்று முடிவெடுத்து உட்கார்ந்தோம். அதுதான் இந்த பிரேம்வொர்க். நாங்கள் என்றால் இரண்டு பேர்.

மற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். பள்ளிகொண்டாவைச் சேர்ந்தவர். என்னைவிட மூன்று வயது இளையவர், தொழிலில் என்னைவிட நான்கு வருடம் மூத்தவர். அவருடைய அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி ஒன்றில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் இருந்தார். மகள் எங்கள் ராணிப்பேட்டை அலுவலகத்தின் மாடியில், வெள்ளைப் பலகைக்கு முன், பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி நிற்பார். நான் வேகமாக எதையாவது சொன்னால் மூடியை எடுக்காமலே, "இருங்க" என்பார். அந்த ஒரு சொல்லை அவர் எத்தனை விதமாகச் சொல்வார் என்று இப்போதும் என்னால் சொல்லிக் காட்ட முடியும். கேட்கத்தான் ஆள் இல்லை.

அவர் எப்படி யோசிப்பார் என்பதற்கு ஒன்று. திரை மினுக்குகிறது என்று ஒரு முறை அதன் கிளையின் வேகத்தை நான் கொஞ்சம் ஏற்றினேன். மினுக்கல் நின்றது. ஆனால் அதே தாய்க் கிளையில்தான் பிரிண்டரும் இருந்தது. அன்று மாலை ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிரிண்டர் அரை முழத்துக்குக் கிறுக்கித் தள்ளியது. நான் அந்தக் காகிதத்தைக் கசக்கிப் போடப் போனேன். அவர் வாங்கி, நீவி, பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார். அடியில் எழுதினார்: 'வேகத்தை மாற்றும் முன் கூடப் பிறந்தவர்களைக் கேள்.' உங்கள் பிரேம்வொர்க்கில் வேகம் மாறுவதற்கு முன் எல்லாக் கிளைக்கும் அறிவிப்பு போகிறதல்லவா, அது அந்தக் காகிதத்திலிருந்து வந்தது.

எங்களுக்குள் ஒரே ஒரு பெரிய வாக்குவாதம். சட்டம் எளிமையானது: துடிப்பு வேண்டும் என்பவர் கேட்க வேண்டும். கேட்பவர்களை எண்ணி வைப்போம். வேலை முடிந்தவர் விட்டுவிட வேண்டும், எண்ணிக்கை ஒன்று குறையும். இதில் இருவருக்கும் சம்மதம். எண்ணிக்கை பூஜ்யமாகியும் திறந்து கிடக்கும் கிளையை என்ன செய்வது என்பதில்தான் தகராறு.

மூட வேண்டும் என்றேன். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு விஷவாயு எச்சரிக்கைப் பெட்டி செய்துகொண்டிருந்தோம். மின்சாரம் போனாலும் எட்டு மணி நேரம் பாட்டரியில் ஓட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஐந்து மணி நேரம்தான் ஓடியது. வீணாகத் திறந்து கிடக்கும் குழாய்களை மூடினால் எட்டைத் தொட்டுவிடலாம்.

"பழைய நிரல் எதுவும் கேக்காது. அப்போ கேக்கணும்னு சட்டமே இல்ல. எல்லாம் திறந்தே கெடந்துச்சு. எடுத்துக்கிட்டாங்க" என்றார் அவர்.

"இப்போ சட்டம் வந்துடுச்சு. கேக்காதது அவங்க தப்பு."

"இருங்க. எங்கம்மா போற கம்பெனி வேன்ல லிஸ்டு உண்டு. பேர் குடுத்தவங்களுக்குத்தான் சீட்டு. ஆனா நடுவுல கை காட்டறவங்களயும் அந்த அண்ணன் ஏத்திக்குவாரு. பேர் குடுத்தவங்க எல்லாம் எறங்கிட்டாங்கன்னு வேன ஆஃப் பண்ணிட்டா, பின்னாடி ஒக்காந்திருக்கறவ ஹைவேல நிக்கணுமா?"

"அவங்கள யாரு ஏறச் சொன்னா?"

"வேன் ஓடுச்சு, ஏறுனாங்க" என்றார்.

மூடுவதற்கு முன் ஒவ்வொரு போர்டிலும் பழைய நிரல்களை எடுத்துப் பார்க்கலாம், மூன்று வாரம் ஆகும் என்றார். ஒப்பந்தத்தில் மீதி இருந்தது பத்து நாள். குழுவுக்குத் தலைவன் நான். மூடுவது என்று நான் முடிவெடுத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, என் முடிவை நேர்த்தியாக நிரலாக எழுதிக் கொடுத்தார்.

மேசையில் வைத்து ஐந்து நாள் சோதித்தோம். பாட்டரி எட்டே கால் மணி நேரம் ஓடியது. சென்சார் பிழையில்லாமல் படித்தது. ஆம்பூரை அடுத்த ஒரு நிலையத்தில் முதல் பெட்டியில் புதிய நிரலை மாலையில் ஏற்றிவிட்டு, மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். அந்தக் காலையைச் சொல்லித்தான் இதைத் தொடங்கினேன்.

அங்கே என்ன வேலை என்றும் சொல்ல வேண்டும். சுற்றியுள்ள டேனரிகளின் கழிவுநீர் முதலில் வந்து விழும் குழி அது. தோலிலிருந்து சீவிய சவ்வும் மயிரும் சுருண்டுபோய்க் குழியின் அடியில் இருந்த பம்பை அடைத்துவிட்டன. உறிஞ்சும் லாரிக்குச் சொல்லியிருந்தார்கள், வரவில்லை. ஆள் இறங்கிக் கையால் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். அப்படி ஆளை இறக்கக் கூடாது. அது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் கேட்கவில்லை, என் வேலை பெட்டி என்று நினைத்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சகதியைக் கலக்கும்போதுதான் கேஸ் கிளம்பும். முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதன் பிறகு ஆளுக்குச் சில நிமிடங்கள்தான். அதனால் இறங்குபவரின் கயிற்றோடு சென்சாரையும் சேர்த்துக் கட்டி இறக்குவார்கள். கேஸ் வந்தால் மேலே பெட்டி கத்தும், கயிற்றை இழுப்பார்கள். இறங்குபவருக்கு இருக்கும் ஒரே காவல் அந்தச் சத்தம்.

அன்று இறங்க வேண்டியவர் ஏழுமலை. கலவை ஊர்ப் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். இறங்குவதற்கு முன் கொஞ்சம் சகதியைச் சென்சாரிடம் காட்டி, பெட்டி கத்துகிறதா என்று பார்ப்பது அங்கே வழக்கம். எல்லோரும் முதலில் பெட்டியின் பொத்தானை ஒரு தட்டுத் தட்டித் திரையை எழுப்புவார்கள், பிறகு சகதியைக் காட்டுவார்கள். எண் ஏறுவதைப் பார்ப்பதில் அவர்களுக்கு ஓர் ஆசை. ஏழுமலை தட்டவில்லை. ஈரக் கையோடு புதுப் பெட்டியைத் தொடாதே என்று முந்தின நாள்தான் சூப்பர்வைசர் கரீம் பாய் அவரைத் திட்டியிருந்தார்.

எண்ணி முடித்துத் திரும்பினார். "பாய், இது செத்துப்போச்சு. கத்தல."

கரீம் பாய் வந்து முழங்கையால் பொத்தானைத் தட்டினார். திரை எரிந்தது. இரண்டு, ஏழு, பதினைந்து என்று எண் ஏறியது. சைரன் கத்தியது. சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"செத்துப்போச்சுன்னியே, இப்போ கத்தறது இன்னா, அதோட ஆவியா?" என்றார் பாய்.

"நீங்க தொட்டீங்க, கத்துச்சு. நான் தொடல, கத்தல."

"ஒம் மூஞ்சியப் பாத்து பயந்திருக்கும். ஏம்பா காலங்காத்தால பேஜார் பண்ற? எறங்க இஷ்டம் இல்லன்னா சொல்லு, வேற ஆள் கூப்புட்றேன்."

ஏழுமலை என்னைப் பார்த்தார். பெட்டிக்காரன் நான்தான் என்று அவருக்குத் தெரியும். சென்சார் கேஸை உணர அரை நிமிடம் ஆகும், நீங்கள் அவசரப்பட்டிருப்பீர்கள் என்றேன். எங்கள் கையேட்டில் அப்படித்தான் இருந்தது.

"அர நிமிசம்னா எவ்ளோ சார் எண்ணணும்?"

"முப்பது."

"நான் நூறு எண்ணேன்" என்றார்.

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று குறிப்பேட்டில் இல்லை. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்ற பொருளில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவர் குச்சியைக் கழுவி ஓரமாக வைத்துவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொள்ளப் போனார்.

9.48. ராணிப்பேட்டை அலுவலகத்தில் இருந்த, என்னோடு நிரல் எழுதியவருக்கு போன் செய்தேன். சந்தேகம் வந்து செய்யவில்லை. முதல் நாள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்காகச் செய்தேன். பேச்சோடு பேச்சாக, ஒருத்தர் நூறு வரை எண்ணினாராம், கத்தவில்லையாம் என்று சிரித்துக்கொண்டு சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஸ்கிரீன் அணைஞ்சிருந்துச்சா?"

"ஆமா. பாய் தட்டினதும் எரிஞ்சுது, கத்துச்சு."

"இருங்க."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. போர்டின் வரைபடத்தை எடுக்கிறார் என்று புரிந்தது.

"ஸ்கிரீன் பத்து நிமிசத்துல தூங்கிடும். தூங்கும்போது அதோட கிளாக்க விட்டுடும். கரெக்டா? அந்தக் கிளையில வேற யாரு இருக்காங்க தெரியுமா? சென்சார படிக்கற சர்க்யூட்டு. அதோட நிரல் பழசு. கேக்கவே இல்ல. ஸ்கிரீன் பேர்லயே ஓசில வந்துட்டிருந்திருக்கு."

"மேசைல அஞ்சு நாள் ஓடுச்சே?"

"மேசைல நாம பத்து நிமிசம் சும்மா இருந்தோமா? தட்டித் தட்டிப் பாத்துட்டே இருந்தோம். பாக்கும்போது மட்டும் வேலை செஞ்சிருக்கு. ஸ்கிரீன் தூங்கிட்டா கடைசியா படிச்ச பூஜ்யத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லும். பச்சை லைட்டு எரியும்." மூச்சு விடும் நேரம். "அந்த ஆளு எங்க இப்போ?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஏழுமலை ஏணியின் மூன்றாவது படியில் இருந்தார். சென்சார் அவர் தோளுக்குப் பக்கத்தில் கயிற்றோடு தொங்கியது. பம்பைச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் ஆகும் என்று பாய் சொல்லியிருந்தார். பாய் பொத்தானைத் தட்டி எட்டு நிமிடம் ஆகியிருந்தது. இரண்டு நிமிடத்தில் திரை தூங்கும்.

இங்கே நான் உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு கணம் வேறு வழி தேடினேன். ஒன்பது நிமிடத்துக்கு ஒரு முறை யாராவது பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தால் போதும். பெட்டி வேலை செய்யும், அவர் வேலையை முடித்துவிட்டு ஏறிவிடுவார், எங்கள் பிழை வெளியே தெரியாது. மாலையில் திருத்திவிடலாம். கணக்குப்படி அது சரியாகவே இருந்தது. அதைத்தான் போனில் சொல்ல வாயெடுத்தேன்.

"அவர மேல ஏத்துங்க. அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, அவர் போனை வைக்காமல் காத்திருந்தார்.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

ஏழுமலை தலையைத் தூக்கினார். "இன்னா சார், இப்பதான நல்லாருக்குதுன்னீங்க?"

"நல்லா இல்ல. நீங்க சொன்னதுதான் சரி. மேல வாங்க."

அவர் ஏறி வருவதற்குள் நிலையத்தின் மேனேஜர் வந்துவிட்டார். வரத்துத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்குள் பம்பு ஓடாவிட்டால் எல்லா டேனரிக்கும் போன் போட்டுத் தண்ணீரை நிறுத்தச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் குழி வழிந்து ரோட்டுக்குப் போகும்.

"மெஷின் கத்துச்சா இல்லையா?" என்றார்.

"கத்துச்சு."

"அப்புறம் இன்னா சார்?"

"எங்க பெட்டி தப்பு. பாத்தா கத்தும், பாக்கலன்னா கத்தாது. பத்து நிமிஷம் யாரும் தொடாதீங்க, காட்டறேன்."

"பத்து நிமிஷமா? நேத்து மாட்டிட்டு இன்னிக்கி தப்புன்றீங்க. நாங்க இன்னா பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. கயிற்றை விடாமல் நின்றேன். பத்து நிமிடம் அது ஒன்றுதான் என்னால் செய்ய முடிந்தது.

தொடக் கூடாது என்று சொன்ன பிறகும் யாரோ மறதியாகப் பொத்தானைத் தட்டிவிட்டார்கள். மறுபடி பத்து நிமிடம். 10.06க்குத் திரை இருண்டது. ஏழுமலை குச்சியில் புதுச் சகதி எடுத்து வந்தார். இந்த முறை உரக்க எண்ணினார். இருபதைத் தாண்டியதும் கரீம் பாயும் சேர்ந்துகொண்டார். எழுபது, எண்பது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நூறு என்றதும் இருவரும் நிறுத்தினார்கள். பம்பு அறையில் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

பாய்தான் முதலில் பேசினார். "சரிப்பா ஏழுமல. ஒன் மூஞ்சி மேல தப்பு இல்ல."

டேனரிகளுக்குப் போன் போனது. தண்ணீரை நிறுத்தினார்கள். அரை நாள் வேலை கெட்டது. உறிஞ்சும் லாரி மதியம் ஒன்றரைக்கு வந்தது. பக்கத்துக் கம்பெனியிலிருந்து கையில் பிடித்துக் கேஸ் அளக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்து, கயிற்றில் கட்டிக் குழிக்குள் விட்டுவிட்டு லாரிக் குழாயால் சகதியைக் கலக்கினார்கள். நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்காவது நிமிடம் அந்தக் கருவி கத்தத் தொடங்கியது. லாரி போகும் வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.

ஏழுமலை கொஞ்ச தூரம் தள்ளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரும் எண்ணிக்கொண்டிருந்தாரா என்று தெரியாது.

லாரி வருவதற்கு முன்பே திருத்தத்தை எழுதியாகிவிட்டது. பம்பு அறையில் ஒரு பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். ராணிப்பேட்டையிலிருந்து அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரிக்குக் கீழே, எந்தக் குறி, எங்கே அடைப்பு. ஒரே ஒரு வரி. முறையான திருத்தம் என்பது பழைய நிரலைக் கேட்கக் கற்றுக்கொடுப்பது. அதை அடுத்த வாரம் செய்தோம். அன்றைக்கு அந்த ஒரு வரி போதும், திரை தூங்கினாலும் சென்சார் தூங்காது என்றார். படித்துக் காட்டினேன். "சரி, அனுப்புங்க" என்றார். அனுப்பினேன்.

எழுதியவர் என்ற இடத்தில் யாருடைய பெயர் வரும் என்று உங்களுக்குத் தெரியும். யாருடைய லேப்டாப்போ அவருடைய பெயர்.

மறுநாள் கவனித்தேன். திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த வாரமே அந்தப் பதிப்பு வெளியே போனது. வேறு மூன்று கம்பெனிகள் எடுத்து அதன்மேல் கட்டத் தொடங்கின. எழுதியவர் பெயரோடு சேமித்த பழைய பதிவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் மேலே கட்டியவை எல்லாம் பொருந்தாமல் போகும். நம் தொழிலில் அதைச் செய்யக் கூடாது. திங்கட்கிழமைக்குள் அது முடியாத காரியம் ஆகிவிட்டது.

அவர் அந்தப் பதிவைத் திரையில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பின்னால் நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் செருமினேன். அவர் திரும்பாமலே, "நானும் பேர் குடுக்காமலே ஏறிட்டேன் போல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்திருக்கக் கூடாது.

இரண்டு மாதம் கழித்து வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போனார். கடைசி நாளில் மேசை இழுப்பறையைக் காலி செய்துவிட்டு, சுவரில் இருந்த பிரிண்டர் காகிதத்தை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பசை ஒட்டிய நான்கு மூலைகள் மட்டும் சுவரில் வெகுநாள் இருந்தன. முதல் மூன்று வருடம் அவ்வப்போது மடல் வரும். நாங்கள் வெளியே விடும் ஒவ்வொரு பதிப்பையும் படித்து, எங்காவது ஓர் ஓட்டையைக் காட்டி எழுதுவார். அடியில் தனியாக ஒரு வரி இருக்கும். 'இங்கே பனி.' 'அம்மா வேலையை விட்டுட்டாங்க.' நான் ஓட்டைக்கு விரிவாகவும் அந்த வரிக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதினேன். பிறகு மடல்கள் நின்றன. வெள்ளைப் பலகை முன் நின்று ஏதாவது புதிதாக யோசிக்கும்போதெல்லாம், ஓய்வு பெறும் நாள் வரைக்கும், இரண்டு வாக்கியம் சொல்லி முடித்ததும் நான் கொஞ்சம் நிறுத்துவேன். உங்களில் யாரோ ஒருவர் அதைப் பற்றிக் கேலி செய்ததாகவும் கேள்வி. ஓர் 'இருங்க'வுக்காகக் காத்திருந்த பழக்கம் அது.

ஏழுமலை அடுத்த வாரமும் அந்த நிலையத்துக்கு வேலைக்கு வந்தார். குழிக்குள் ஆளை இறக்குவதை அதோடு நிறுத்தினார்கள். லாரிக்கு மாத வாடகை பேசினார்கள். புதுப் பெட்டி எது மாட்டினாலும் பொத்தானைத் தொடாமல், திரை தூங்கிய பிறகு, சகதியைக் காட்டி எண்ண வேண்டும் என்ற சோதனையைக் கையேட்டில் சேர்த்தோம். நீங்கள் அதைத் 'தொடாச் சோதனை' என்று படித்திருப்பீர்கள். அந்த நிலையத்தில் அதற்கு 'ஏழுமல டெஸ்ட்டு' என்று பெயர். இப்போதும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொல்வது சரி. புதிய போர்டுகளில் சென்சாருக்குத் தனிக் கிளை இருக்கிறது, அதன் நிரல் முறையாகக் கேட்கிறது. அந்த வரி தேவையில்லை. அவர் எழுதிய மற்ற வரிகள் பழைய சிப்புகளோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இது ஒன்றுதான் மீதி. அதற்காக வைத்திருங்கள் என்று கேட்க மாட்டேன். தேவையில்லாத வரியை வைத்திருப்பது அவருக்கே பிடிக்காது.

இரண்டு விஷயம் மட்டும். நீக்குவதற்கு முன், மேசையில் பார்த்தோம், ஓடியது என்பதோடு நிறுத்தாதீர்கள். யாரும் பார்க்காமல் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். களத்தில் நின்று ஒருவர் நூறு எண்ணினேன் என்று சொன்னால், கையேட்டைச் சொல்லாதீர்கள். அவர் கூட நின்று இன்னொரு முறை எண்ணுங்கள்.

இன்னொன்று. பழைய பதிவைத் திருத்த முடியாது. நீக்குகிற பதிவு புதியது, அதில் என்ன எழுத வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. நீக்கப்படும் வரியை உண்மையில் எழுதியவர் இவர் என்று அங்கே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அவர் சம்மதித்தால் அவருடைய பெயரைத் தருகிறேன். அவரைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை என்பதால், பெயரைச் சொல்லலாமா என்று அனுமதி கேட்டு வெள்ளிக்கிழமை அவருக்கு மடல் எழுதினேன். இந்தத் தடவை அடியில் எழுதும் வரியை நீளமாகவே எழுதினேன். பதில் வரும் வரை அந்த வரியை நீக்காமல் பொறுத்திருங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

நேற்றுக் காலை 10.20க்கு மடல் திரும்பி வந்தது. அப்படி ஒரு முகவரி இல்லை.